பாட்டுக்கு விக்கல் வந்த சனிக்கிழமை

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்து மூன்றாவது சனிக்கிழமை. பெங்களூரில் அல்சூர் பக்கம், ஒரு சர்ச்சை ஒட்டின ஹால். கல்யாண ரிசப்ஷன். பகல் பன்னிரண்டு மணி.

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். ஸ்பீக்கர் பாக்ஸ், ஆம்ப், மிக்ஸர், மைக், ஒயர் எல்லாம் என்னுடையது. இருபத்தாறு வருஷமாக இந்த வேலைதான்.

என் கொழுந்தியா. என் வீட்டுக்காரியின் தங்கை. அன்றைக்கு டிஜே அவள்.

ஹால் மேனேஜர்.

கல்யாணப் பொண்ணின் தாய்மாமன். கோலார் தங்கவயல்காரர். கோட்டு போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றார்.

வீடியோக்காரர். ஸ்டேஜுக்கு எதிரில் ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டிருந்தார்.

பொண்ணு. மாப்பிள்ளை. பொண்ணோட அப்பா. அப்புறம் ஒரு இருநூறு ஜனம்.

இவ்வளவு பேருக்கு முன்னால் என் கொழுந்தியாவை நிற்க வைத்துப் பேசின பேச்சை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. ஒரு வருஷம் ஆகப்போகிறது. இறங்காது.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் பதிமூன்று வருஷம் மிஷினில் உட்கார்ந்தவள். ஃபேக்டரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அழவில்லை. பி.எஃப். பணம் வந்ததும் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிக்கொண்டு வந்தாள்.

எதுக்கு இது என்று கேட்டேன்.

"உங்க பாக்ஸுக்கு வர்ற டிஜேங்க என்னா பண்றாங்கன்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன் மாமா. எனக்கும் ரெண்டு கை இருக்கு" என்றாள்.

எட்டு மாதம் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஒரு பாட்டு முடியும் முன்னாடி அடுத்த பாட்டை அதே தாளத்தில் கொண்டுவந்து சேர்ப்பாள். சேர்ந்த இடம் தெரியாது. நல்ல தையலில் ஒட்டு தெரியாத மாதிரி. எங்கள் மர்பி டவுனில் சிரித்தவர்கள் நிறைய பேர். மூன்று பர்த்டே பண்ணினாள். சிரித்தவர்கள் வீட்டிலேயே ஒரு பர்த்டே.

அதற்கப்புறம் நான்தான் இந்த ஹால் மேனேஜரிடம் கூட்டிப் போனேன். அங்கே பல வருஷமாக என் பாக்ஸ்தான். மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு ஃபங்ஷன் பண்ணட்டும், நோடோணா, பாக்கலாம். நல்லா போச்சுன்னா ஜனவரியிலருந்து சனிக்கிழமை எல்லாம் இவங்களுக்கே குடுக்கறேன்" என்றார். இந்த ஹாலில் சனிக்கிழமை காலியாக இருக்காது. அதை நம்பி, இன்னொரு கார்மெண்ட்ஸில் கூப்பிட்ட வேலையை அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்தச் சனிக்கிழமைகள்தான் அவளுக்கு எல்லாம்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரு டெஸ்டர்கூட சந்தனம் குங்குமம் இல்லாமல் இருக்காது. ஆம்புக்கு வைப்போம். பாக்ஸுக்கு வைப்போம். டெம்போவுக்கு வைப்போம். லேப்டாப்பை நான் எடுத்தபோது அவள் தடுத்தாள்.

"அதுக்கு வேணாம் மாமா. உள்ள போயிடும். பக்கத்துல ஒரு பூ வச்சிடுங்க, போதும்."

சரி என்று தலையாட்டினேன். அவள் சமையல்கட்டுக்குப் போனதும் வைத்தேன். சோறு போடப் போகிற சாமான். அதுக்கு மட்டும் வெறும் நெற்றியா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் கண்ணில் படக்கூடாது என்று லேப்டாப்பின் பின்பக்கம் பார்த்தேன். அங்கே சன்னமாக வரிசையாகக் கீறல் மாதிரி ஓட்டைகள். லேப்டாப்பின் ஸ்பீக்கர் என்று நினைத்தேன். சவுண்டுக்காரன் கண்ணுக்கு எந்தச் சல்லடையும் ஸ்பீக்கர்தான். நம்ம சத்தம் நம்ம பாக்ஸில் வரப்போகிறது, இது நமக்கு எதுக்கு என்று மூன்று விரலால் கெட்டிச் சந்தனத்தை நீளமாக இழுத்துவிட்டேன். மேலே குங்குமம்.

மறுநாள் அவளுக்கு முன்னாடி எழுந்து துணியால் துடைத்தேன். மேலே இருந்தது போனது. ஓட்டைக்குள் போனது காய்ந்து உட்கார்ந்துவிட்டது. அதை நான் பார்க்கவில்லை. அத்தோடு மறந்தும் போனேன். வீட்டில் அவள் ஒரு பாட்டு, இரண்டு பாட்டு ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை.

பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வந்தார்கள். பாட்டு சுத்தமாக ஓடியது. கேக் வெட்டினார்கள். லேப்டாப்பிலிருந்தே பெரிய திரையில் பொண்ணு மாப்பிள்ளை ஃபோட்டோ ஓடியது. அதையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். மேனேஜர் கதவுப் பக்கம் நின்று தலையாட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அரை மணி கழித்து, முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினாள். "யாரு இங்க ஊதுவத்தி ஏத்தினது?" என்று கேட்டாள். எனக்கும் சந்தன வாசம் வந்தது. யாரோ சென்ட் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம்தான் பாட்டு வெட்ட ஆரம்பித்தது.

முதலில் ஒரு டக். அப்புறம் டக் டக். அப்புறம் பாடுகிறவர் வார்த்தையைப் பாதியில் விழுங்கி விழுங்கித் துப்புகிற மாதிரி ஆகிவிட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் காலைத் தூக்கினபடி நின்றார்கள்.

தாய்மாமன் கையைத் தட்டினார். "யப்பா, பாட்டுக்கு விக்கல் எடுக்குது. யாராவது தண்ணி குடுங்கப்பா."

ஹால் சிரித்தது.

மேனேஜர் வேகமாக வந்தார். அவள் லேப்டாப்புக்கு முன்னால் நிற்கிறாள். அவளைத் தாண்டி என்னைப் பார்த்துக் கேட்கிறார். "நீவு ஹேளி அண்ணா, நீங்க சொல்லுங்க, என்ன ப்ராப்ளம்?"

இதில்தான் எனக்கு முதல் கோபம். டிஜே அவள். அவளைக் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தை நான் அங்கே காட்டவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? என் சாமானைச் சரிபார்த்தேன். என் போனை மிக்ஸரில் மாட்டி ஒரு பாட்டு போட்டேன். கண்ணாடி மாதிரி வந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"நம்ம லைன் கிளியர்."

இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சொன்னதும் இருநூறு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் பதறவில்லை. ஹெட்ஃபோனை நேராக லேப்டாப்பில் மாட்டிக் கேட்டாள். அதிலும் வெட்டு. "ஒயர்ல இல்ல மாமா. உள்ளதான்" என்றாள். என் சாமானை அவளே சுத்தம் என்று சொல்லிவிட்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சார்ஜர் மாட்டியிருக்கிறதா, இருந்தது. ஃபோட்டோ ஓட்டத்தை நிறுத்தினாள். வைஃபையை நிறுத்தினாள். திறந்திருந்த மற்றதை எல்லாம் மூடினாள். அதற்கப்புறம் பஃபரை ஏற்றினாள். இந்த பஃபரைப் பற்றி எனக்கு அவள் முன்னாடியே சொல்லியிருந்தாள். லேப்டாப் பாட்டை ஒரு வாளியில் ரொப்பி வைத்துக்கொண்டுதான் ஊற்றுமாம். வாளி சின்னதென்றால், ரொப்புவதற்குள் காலியாகிவிடும். அந்தக் காலிதான் வெட்டு. வாளியைப் பெரிசாக்கினாள்.

பாட்டு ஓடியது. இரண்டு நிமிஷம். திரும்ப டக் டக்.

"சார், ரெண்டு நிமிஷம்" என்றாள்.

"நாலாவது ரெண்டு நிமிஷம்மா இது" என்றார் தாய்மாமன். பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினார். "கார்மெண்ட்ஸ்ல இருந்தாங்களாம். அதான் பாட்டையும் பீஸ் பீஸா வெட்டறாங்க."

மேனேஜர்தான் சொல்லியிருப்பார். வேறு யாருக்குத் தெரியும்.

இதற்கும் சிரித்தார்கள். கார்மெண்ட்ஸ் என்றால் என்ன சிரிப்பு? அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பேர் போட்டிருந்த சட்டையை அவளை மாதிரி யாரோ ஒருத்திதான் தைத்திருப்பாள்.

கல்யாணப் பொண்ணு மட்டும் ஸ்டேஜிலிருந்து இறங்கி வந்தாள். "அக்கா, நான் அப்பாகூட ஆடறதுக்கு ஒரு பாட்டு சொன்னேன் இல்ல, அது மட்டும் வந்தா போதும். பொறுமையா பாருங்க" என்றாள். அந்த ஹாலில் அவளிடம் மனுஷத்தனமாகப் பேசினது அந்தப் பொண்ணு ஒருத்திதான்.

கொழுந்தியா என்னைக் கூப்பிட்டாள். திரையில் ஒரு சின்னக் கோடு காட்டினாள். லேப்டாப் எவ்வளவு திணறுகிறது என்று அந்தக் கோடு காட்டுமாம். பச்சையில் இருக்க வேண்டியது. "செவப்புலயே நிக்குது மாமா. எல்லாத்தையும் நிறுத்திட்டேன். என்னா தின்னுதுன்னு தெரியல."

அடியில் விரித்திருந்த சாட்டின் துணியை உருவலாம் என்று லேப்டாப்பைத் தூக்கினேன். பின்பக்கம் கை பட்டது. சட்டென்று எடுத்தேன். இஸ்திரிப்பெட்டி மாதிரி சுட்டது.

இருபத்தாறு வருஷம் ஆம்போடு இருக்கிறவன். காற்று அடைத்துக்கொண்டால் ஆம்ப் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். சூடு ஏறும். வேலை சுருங்கும். விரலை மூக்கிடம் கொண்டுபோனேன். சந்தனம்.

அது ஸ்பீக்கர் இல்லை. லேப்டாப் மூச்சு விடுகிற ஓட்டை. அதை அடைத்தது நான்.

அந்த நொடியே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. லேப்டாப்பைத் திரும்பக் கீழே வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில்தான் தாய்மாமன் என் தோளில் கை போட்டார். "உங்க பாக்ஸ் தங்கம்ணே. இந்தம்மாவ எங்க புடிச்சீங்க?" என்றார். அந்த ஹாலில் எனக்கு ஒரு பேர் இருந்தது. சந்தனத்தைப் பூசி மிஷினைக் கெடுத்தவன் என்று அது மாறுவது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. இவள் என் கொழுந்தியா என்றுகூட நான் சொல்லவில்லை. பாக்ஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் பேசினார்கள்.

"செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பாம். கல்யாண வீட்டுக்கு எடுத்துட்டு வர்ற சாமானா இது?"

"வீட்ல சும்மா இருக்கறவங்கெல்லாம் டிஜே ஆனா இப்படித்தான்."

"ஏம்மா, உங்களுக்கு மேல யாராவது இருக்காங்களா? ஃபோன் பண்ணி வரச்சொல்லேன்."

அவளுக்கு மேலே யாரும் இல்லை. அவள்தான் கற்றுக்கொண்டாள், அவள்தான் வாங்கினாள், அவள்தான் நின்றாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. துடைக்கக்கூட இல்லை. பஃபரை இன்னும் ஏற்றிப் பார்த்தாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அது எழுந்து வர ஒரு யுகம் ஆனது. கொஞ்சம் பாடியது. திரும்ப விக்கல்.

மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்சம் கழித்து உள்ளே வந்தார்.

அவள் மைக்கை எடுத்தாள். "மன்னிச்சுக்குங்க. தப்பு என் லேப்டாப்லதான். கொஞ்சம் டைம் குடுங்க" என்றாள். குரல் உடையவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதாமல் விடக்கூடாது.

தாய்மாமன் தன் போனை நீட்டினார். "விடுங்கண்ணே. இதுல பாட்டு இருக்கு. அந்தம்மா ஒயரைப் புடுங்கிட்டு இத மாட்டுங்க. அவங்க கீழ எறங்கட்டும்."

என் கை அவள் ஒயர் வரைக்கும் போனது. மிக்ஸரில் மாட்டியிருந்த அவள் ஜாக்கைப் பிடித்துவிட்டேன். இழுத்தால் வந்துவிடும். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இழுத்திருப்பேனோ என்னவோ. அவள் வழிவிட்டு நகர்ந்து நின்றாள். நான் வேலை செய்வதற்கு வசதியாக.

ஜாக்கை விட்டேன்.

"புடுங்க மாட்டேன். தப்பு என்னுது" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. அவளுக்கும்தான். லேப்டாப்பை அணைக்கச் சொன்னேன். திருப்பி வைத்துக் காட்டினேன். "பூஜைக்கு இவ வேணாம்னு சொன்னா. நான் திருட்டுத்தனமா வச்சேன். அடச்சிக்கிச்சு. இவ மேல ஒன்னும் இல்ல. இவ என் கொழுந்தியா."

அவள் துப்பட்டாவிலிருந்து சேஃப்டி பின்னைக் கழற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு கீறலாகக் குத்திச் சுரண்டினேன். சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. சூடு பட்ட சந்தனம் ஹால் பூராவும் மணந்தது. ஊதுவத்தி கேட்ட அந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். வீடியோக்காரர் இரண்டு கேமரா டப்பா கொண்டுவந்தார். அதன்மேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்தோம், அடியிலும் காற்று போகட்டும் என்று.

ஆன் பண்ணினதும் பின்னாலிருந்து அனல் காற்று குப்பென்று வந்தது. இத்தனை நாள் அடைபட்டிருந்த மூச்சு. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு சிவப்பிலிருந்து இறங்கியது. பச்சைக்கு வந்து நின்றது.

பொண்ணு கேட்ட பாட்டைப் போட்டாள். ஒரு வெட்டு இல்லை. பொண்ணும் அவள் அப்பாவும் ஆடினார்கள். அப்புறம் ஜனமே ஆடியது. இரண்டரை மணி வரைக்கும் யாரையும் உட்காரவிடவில்லை அவள். பந்திக்குக் கூப்பிட்டும் யாரும் போகவில்லை.

தாய்மாமன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அவள் டேபிளுக்கு முன்னாலேயே ஆடினார். "அக்கா, இன்னொரு குத்துப் பாட்டு போடுக்கா" என்றார். இந்தம்மா போய் அக்கா ஆகிவிட்டாள். தண்ணி குடுங்கப்பா என்று சொன்ன வாய் அது. ஒரு மன்னிப்பு வரவில்லை. அவரிடமிருந்து வரவில்லை. சிரித்த ஒருத்தரிடமிருந்தும் வரவில்லை. கேட்டால், இதெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். அவர்களுக்கு இல்லை.

எல்லாம் முடிந்து ஒயர் சுற்றும்போது அவள் மேனேஜரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"சார், சனிக்கிழமை விஷயம்" என்றாள்.

மேனேஜர் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணீங்கம்மா, கடைசில. ஆனா நான் அப்பவே வேற டிஜேகிட்ட பேசிட்டேன். ஜனவரிலருந்து அவன் வர்றான். வார்த்தை குடுத்தாச்சு."

"தப்பு என்னுதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேனே சார்" என்றேன்.

"சொன்னீங்க. நான் போன் பேசிட்டு உள்ள வந்ததுக்கு அப்புறம் சொன்னீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா நான் எதுக்குப் போன் பண்றேன்?"

மேனேஜர் மேல் எனக்கு ஆயிரம் கோபம். ஒரு பொம்பளை நாலு தரம் இரண்டு நிமிஷம் கேட்டால் இன்னொரு இரண்டு நிமிஷம் பொறுக்க முடியாதவர். ஆனால் அந்த ஒரு கேள்வி நியாயமானது. திரும்பிப் போய் மிச்ச ஒயரைச் சுற்றினேன்.

டெம்போவில் அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அல்சூர் சிக்னலில் வண்டி நின்றதும் கேட்டாள்.

"தூக்கும்போது கைய இழுத்துக்கிட்டீங்களே. அப்பவே தெரிஞ்சிடுச்சா மாமா?"

"ம்."

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தேன்.

"சந்தனம் வச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் இன்றுவரை அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசினதில்லை. வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரியிடம் நானே சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சரிதான்.

இப்போது கொழுந்தியா ஆனேக்கல் பக்கம் ஒரு மண்டபத்தில் மாதம் இரண்டு ஃபங்ஷன் பண்ணுகிறாள். மிச்ச நாளில் ஒரு தையல் கடை. பாக்ஸ் நான்தான் எடுத்துப் போகிறேன். யாராவது என்னைப் பார்த்து என்ன ப்ராப்ளம் என்று கேட்டால், அவங்களைக் கேளுங்க என்று கை காட்டுகிறேன். பழைய கெட்ட பழக்கம் ஒன்றாவது போனது. இந்த வருஷப் பூஜைக்கு லேப்டாப் பக்கத்தில் ஒரு பூ வைப்பேன். அதையும் அவளைக் கேட்டுவிட்டு.

அந்த வீடியோக்காரரை நடுவில் ஒரு நாள் பார்த்தேன். அவர் கடை கம்ப்யூட்டரில் அந்தக் கல்யாணம் இருந்தது. காட்டச் சொன்னேன். ஸ்டாண்டில் நிறுத்தின கேமரா எதையும் விடவில்லை. ஓரத்தில் மணி ஓடுகிறது. நான் லேப்டாப்பைத் தூக்கிக் கையை இழுத்துக்கொள்ளும்போது பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். மேனேஜர் போனோடு வெளியே போகிறார், வருகிறார். அவள் குனிந்து நிமிர்கிறாள். மைக்கில் மன்னிப்புக் கேட்கிறாள். நான் அசையவில்லை. ஜாக்கை விட்டுவிட்டு வாயைத் திறக்கும்போது ஒன்று நாலு.

அன்றைக்கு அவளை யார் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒரு வார்த்தை விடாமல் சொல்லுவேன், இப்போதும் ரத்தம் கொதிக்கும். ஆனால் அவர்கள் யாருக்கும் காரணம் தெரியாது. தெரிந்த ஒருத்தன் எவ்வளவு நேரம் சும்மா நின்றான் என்பதைத்தான் நான் சாகிற வரைக்கும் மறக்கக்கூடாது.

பதினோரு நிமிஷம்.